வாய்க்கால் பக்கம்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, பெண்கள் கழிப்பறை எங்கே என்பதுதான். கூச்சத்தோடு மெதுவாகத்தான் கேட்டேன். அவர் குடித்துக்கொண்டிருந்த டீயை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து நின்று, நேராகப் போய் வலது பக்கம் திரும்பினால் பச்சைக் கதவு ஒன்று இருக்கும், அதுதான் என்றார். போய்ப் பச்சைக் கதவைத் தள்ளினேன். உள்ளே மர அச்சு செதுக்கிக்கொண்டிருந்த ஆறேழு ஆண்கள் ஒரே நேரத்தில் தலை நிமிர்ந்தார்கள்.

அந்தப் பம்பு கம்பெனியில் அவர் அப்போதே இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். பெண்கள் கழிப்பறை எந்தப் பக்கம் என்று ஒரு ஆணுக்குத் தெரியாமல் இருப்பதில் தப்பொன்றும் இல்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதைத்தான் அவரால் சொல்ல முடியாது.

கோயம்புத்தூரில் கணபதி பக்கம் இருந்தது அந்தக் கம்பெனி. அவர் ஸ்டோர்ஸ் பொறுப்பு, நான் டெஸ்பாட்ச் கிளார்க். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு மட்டும். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி டார்ச். எல்லோருக்கும் ஸ்டோர்ஸ் அண்ணன். பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது படித்துக்காட்டுவார்கள், அவர் உடனே என்னைக் கூப்பிட்டு, அது அப்படி இல்லை அம்மணி, இப்படி என்று ஏதாவது சொல்லி என்னை இன்னும் குழப்பிவிடுவார்.

ஸ்டோர்ஸுக்குள் அவர் சொன்னதில் ஒன்றுகூடத் தவறியதில்லை. எந்த அளவு போல்ட் எந்த ரேக்கில், கீழிருந்து எத்தனையாவது தட்டில், எத்தனை மிச்சம் என்று பதிவேட்டைத் திறக்காமலே சொல்வார். கம்ப்யூட்டர் ஒரு கணக்குச் சொல்லி அவர் ஒரு கணக்குச் சொன்னால், எண்ணிப் பார்க்கும்போது அவர் கணக்குத்தான் சரியாக இருக்கும். ஸ்டோர்ஸ் கதவைத் தாண்டி வெளியே கால் வைத்தால் அவர் சொல்வது எதுவும் சரியாக இருக்காது. இரண்டையும் ஒரே முகத்தோடு, ஒரே குரலில் சொல்வார் என்பதுதான் சிக்கல்.

ஒரு நாள் மத்தியானம் கேட் வாசலில் பைக்கில் வந்த ஒரு புருஷனும் பெண்டாட்டியும் ஏதோ கண் ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டிருக்கிறார்கள். இவர் வழி சொன்னதோடு நிற்காமல், தேடி அலைவீர்களே என்று அவர்கள் பைக்கிலேயே மூன்றாவது ஆளாக ஏறிப் போய்விட்டார். சாயங்காலம் நாலரைக்கு இரண்டு பஸ் மாறித் திரும்பி வந்தார். ஆஸ்பத்திரி கிடைத்ததா என்று கேட்டேன். குறிச்சிக் குளம் வரைக்கும் போனோம், அருமையான காற்று என்றார். அந்தப் பெண்ணின் கண் என்னவாயிற்று என்று எனக்குத் தெரியாது. ஆனால் அடுத்த வாரம் அந்தப் புருஷன் கேட்டுக்கு வந்து, அண்ணன் இருக்கிறாரா என்று விசாரித்து, ஒரு சீப்பு செவ்வாழை கொடுத்துவிட்டுப் போனான். அதுவும் எனக்குப் புரியவில்லை.

எதற்காக இப்படிச் செய்கிறீர்கள் என்று ஒரு முறை நேராகவே கேட்டுவிட்டேன். தெரியாது என்று சொன்னால் என்ன குறைந்துபோகும்?

அவர் நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டதுபோல என்னைப் பார்த்தார். "ஒருத்தரு நம்மள மதிச்சு வந்து கேக்கறாங்க அம்மணி. ஊட்டுக்கு வந்தவிங்களுக்குத் தண்ணி இல்லைன்னு சொல்லுவியா?"

தண்ணீர் என்று எதையாவது கொடுத்துவிடலாமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

கம்பெனியில் வருடத்துக்கு ஒரு நாள் எங்களையெல்லாம் எங்காவது கூட்டிப்போவார்கள். அவர் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம், காலையில் அமராவதி அணைப் பூங்கா, மத்தியானம் உடுமலைப்பேட்டையைத் தாண்டி ஒரு தென்னந்தோப்புக்குள் புதிதாக ஆரம்பித்திருந்த மியூசியம் என்று முடிவானது. சாமான்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கும் மியூசியம் இல்லை அது. பல ஊர்களில் இடிக்க இருந்த பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே திரும்ப நிறுத்தி, ஒரு ஊரையே உண்டாக்கியிருந்தார்கள். அதில் ஆட்கள் நூறு வருடத்துக்கு முந்தைய உடுப்பில் அன்றைய வேலையைச் செய்துகொண்டிருப்பார்கள். ஒருவர் மாடு கட்டிச் செக்கு ஓட்டுவார், ஒருவர் தறி நெய்வார், ஒரு வாத்தியார் கூரைப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துவார். நாம் போய் அவர்களோடு பேசலாம். எதைக் கேட்டாலும் அந்தக் காலத்து ஆளாகத்தான் பதில் சொல்வார்கள்.

பில்லிங்கில் இருந்த கவிதாக்கா மகள் மித்ராவையும் கூட்டி வந்திருந்தாள். ஐந்து வயது. காதுவரைக்கும் வெட்டிய முடி, மஞ்சள் கவுன். பஸ்ஸில் ஏறியதிலிருந்து ஸ்டோர்ஸ் அண்ணன் மடியில்தான் உட்கார்ந்திருந்தாள். அந்த வயதுக் குழந்தைக்கு அவரைப்போல ஒரு ஆள் கிடைக்கமாட்டார். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும். மாடு ஏன் அசைபோடுகிறது, காற்றாலை ஏன் மூன்று கையோடு நிற்கிறது, மலை ஏன் நம்மோடு கூடவே வருகிறது, எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.

பூங்காவில் அவரே எங்களுக்கு வழிகாட்டி ஆகிவிட்டார். அணைமேல் ஏறும் படிகள் எத்தனை என்று ஏறுவதற்கு முன்பே சொன்னார். எண்ணிக்கொண்டே ஏறிய கவிதாக்கா மேலே போய் வேறு எண்ணைச் சொன்னதும், பாதியில் மூச்சு வாங்கினாயே, அப்போது விட்டிருப்பாய் என்றார். கீழே ஒரு பெரிய மரத்தைக் காட்டி, அது பர்மாவிலிருந்து கப்பலில் வந்த சாதி என்று சொன்னார். மரத்தடியில் பெயர்ப்பலகையில் வேறு என்னவோ எழுதியிருந்தது. அதை நிதானமாகப் படித்துவிட்டு, பலகையை மாற்றி வைத்துவிட்டார்கள் என்று சொல்லி நகர்ந்தார். நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் எதற்குச் சிரித்தார் என்று தெரியாத சிரிப்பு அது. அவர் தெரிந்தே விளையாடுகிறாரா, இல்லை அந்தக் கப்பலை நிஜமாகவே மனதில் பார்த்துவிட்டாரா என்று நான் அன்றைக்கும் யோசித்தேன்.

மத்தியானம் மியூசியத்தில் இலை போட்டு அரிசிம்பருப்புச் சோறும் நெய்யும் போட்டார்கள். சாப்பிட்டதும் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்தோம். கொஞ்ச நேரத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. வெள்ளை வேட்டியோடு செக்கடியில் நின்று எண்ணெய் ஆட்டுவதைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்த அவரை, ஈரோட்டிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் மியூசியத்து ஆள் என்றே நினைத்துவிட்டது. இந்த ஊரில் நீங்கள் யாருங்க என்று அந்த வீட்டுப் பெரியவர் கேட்டார். இவர் ஒரு விநாடி தயங்கிவிட்டு, "பண்ணையக்காரனுங்க" என்றார். இல்லை, நானும் பார்க்க வந்தவன் என்று சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் எவ்வளவு ஆசையாகக் கேட்டார்கள் என்று பின்னால் எனக்குக் காரணம் சொன்னார்.

அப்போதுதான் கவிதாக்கா என்னிடம் வந்து, பாப்பாவைக் கொஞ்சம் பார்த்துக்கொள், பாத்ரூம் போய்விட்டு வருகிறேன் என்று மித்ராவை விட்டுவிட்டுப் போனாள்.

செக்கு மாடு ஒரு காங்கேயம் காளை. கருத்த திமில், மை தீட்டியதுபோலக் கண். அதை நான் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். சுற்றிச் சுற்றி வரும் மாடு என் பக்கம் முகம் காட்டுகிற நேரத்துக்காகக் காத்திருந்தேன். மூன்று சுற்றோ நாலு சுற்றோ. திரும்பிப் பார்த்தால் மித்ரா இல்லை.

கூப்பிட்டுப் பார்த்தேன். செக்குக்குப் பின்னால் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். அதற்குள் கவிதாக்கா வந்துவிட்டாள். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பாப்பா எங்கே என்று கேட்டாள். அவள் பக்கத்தில் கம்பு குத்திக்கொண்டிருந்த பெண்ணிடம் ஓடி, மஞ்சள் கவுன் போட்ட குழந்தையைப் பார்த்தாயா என்று கேட்டாள்.

அந்தப் பெண் உலக்கையை நிறுத்திவிட்டு, "கவுனுன்னா என்னங்க?" என்றாள்.

கவிதாக்கா திகைத்து நின்றாள். குழந்தைங்க, சின்னப் பாப்பாங்க என்று கையால் உயரம் காட்டினாள். அந்தப் பெண்ணின் கண்ணில் ஒரு தடுமாற்றம் தெரிந்தது. ஆனாலும், சந்தை நாளுங்க, பெரியவர்களோடு வண்டியில் போயிருக்கும் என்றுதான் சொன்னாள். வேஷத்தை விட்டு எந்த வருகையாளரிடமும் பேசக்கூடாது என்று அவர்களுக்கு உத்தரவாம். வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்தான் ஆகியிருந்ததாம். இதையெல்லாம் பிறகு அவளே அழுதுகொண்டு சொன்னாள்.

நான் ஸ்டோர்ஸ் அண்ணன் பக்கத்தில் நின்றிருந்தேன். மாட்டைப் படமெடுக்கும்போது ஓரக்கண்ணில் ஏதோ மஞ்சளாகத் தென்னைகளுக்கு நடுவே தோப்பின் பின்பக்கம் போனதுபோல ஒரு ஞாபகம். அந்தப் பக்கம் ஒரு சின்ன கேட்டும், அதற்கு அப்பால் பாசன வாய்க்காலும் இருந்தன. கவிதாக்காவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரிடம் மட்டும் மெதுவாக, அந்தப் பக்கம் போன மாதிரி இருந்ததுங்கண்ணா, ஆனால் சரியாகத் தெரியவில்லை என்றேன்.

கவிதாக்கா திரும்பி எங்களிடம் ஓடி வந்தாள். அவர் கையை நீட்டினார்.

"வாய்க்கா பக்கம் போச்சு அம்மணி. நான் பாத்தேன்."

எல்லோரும் ஓடினோம். எங்களோடு ஈரோட்டுக் குடும்பமும் ஓடி வந்தது. மியூசியத்து ஆளே பார்த்தாராம் என்று அவர்கள் வழியில் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னதால் இன்னும் பத்துப் பேர் சேர்ந்தார்கள். வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்தார்கள். கலங்கல் தண்ணீர், கரைவரைக்கும் ஓடியது. கவிதாக்கா கரையில் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு, எழுந்து, தண்ணீர் போகும் திசையிலேயே பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினாள். மெஷின் ஷாப் ஆட்கள் இரண்டு பேர் குதித்தார்கள்.

அவர்களுக்கும் முன்பே தண்ணீருக்குள் இறங்கியவர் ஸ்டோர்ஸ் அண்ணன்தான். நீச்சல் தெரியுமா என்று யாரோ கரையிலிருந்து கேட்டதற்குத் தெரியும் என்றார். அடுத்த விநாடி கழுத்துவரைக்கும் போய்விட்டார். அவருக்கு நீச்சல் தெரியாது. ஒரு கையால் கரையோரத்துப் புல்லைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தண்ணீருக்குள் துழாவிக்கொண்டே இருந்தார். வாய்க்குள் தண்ணீர் போய் இருமினார். மெஷின் ஷாப் ஆட்கள் குழந்தையைத் தேடுவதை விட்டுவிட்டு அவரை இழுத்துக் கரையில் போட வேண்டியதாயிற்று. அவர் மறுபடி இறங்கப் போனார். இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

முக்கால் மணி நேரம் அப்படியே போனது. பிறகு மியூசியத்து மானேஜர் ஓடி வந்தார். குழந்தை பள்ளிக்கூடத்தில் இருந்தது.

வருகிற பிள்ளைகளுக்குப் பழைய காலத்து உடுப்பு மாட்டிவிட அங்கே ஓர் அறை உண்டு. அந்த அறையில் இருந்த பெண் மித்ராவுக்குச் சிவப்புப் பாவாடை கட்டி, குட்டை முடியை இழுத்துக் கட்டிக் கனகாம்பரம் வைத்து, சிலேட்டைக் கையில் கொடுத்துக் கூரைப் பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளோடு உட்கார வைத்திருந்தாள். குழந்தையை எங்கிருந்து கூட்டி வந்தாள் என்று அந்தக் களேபரத்தில் யாரும் கேட்கவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்துக்கு முன்னாலேயே கவிதாக்கா ஓடியிருக்கிறாள். மஞ்சளைத் தேடிய கண்ணில் சிவப்பு படவில்லை. அம்மா ஏன் ஓடுகிறாள் என்று மித்ரா வாத்தியாரைக் கேட்டிருக்கிறாள். அந்த வாத்தியார், வாய்ப்பாட்டைக் கவனி என்றாராம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யாரும் பாட்டுப் போடச் சொல்லவில்லை. மித்ரா தூங்கிவிட்டாள். பல்லடம் தாண்டியதும் கவிதாக்கா குழந்தையைப் பக்கத்து சீட்டில் படுக்கவைத்துவிட்டு எழுந்து முன்னால் போனாள். அவர் ஈர வேட்டியோடு டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சத்தம் போடாமல்தான் கேட்டாள்.

"கண்ணால பாத்தீங்களாண்ணா?"

"பாத்தேன் அம்மணி."

"பாப்பா அங்க போகவே இல்லீங்களே. எதைப் பாத்தீங்க?"

அவர் பதில் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொல்லாமல் இருந்ததை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"இனிமே எம் புள்ளை பேர உங்க வாயால சொல்லாதீங்க" என்றாள் கவிதாக்கா.

நான் மூன்று சீட் தள்ளி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நின்று, நான்தான் சொன்னேன் என்று சொல்ல இரண்டு முறை வாயைத் திறந்தேன். சூலூர் வந்தது, சிங்காநல்லூர் வந்தது, என் ஸ்டாப் வந்தது. இறங்கிவிட்டேன். வீட்டுக்குப் போய் போனில் அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடைசிப் படத்தில், மாட்டின் கொம்புகளுக்கு நடுவே தூரத்தில் மஞ்சளாக ஒரு கறை இருந்தது. குழந்தையாக இருக்கலாம். காயப்போட்ட துணியாக இருக்கலாம். தென்னையிலிருந்து தொங்கும் பழுத்த மட்டையாகவும் இருக்கலாம். இன்றைக்குவரை தெரியவில்லை.

அதன்பிறகு கம்பெனியில் யாரும் அவரிடம் ஸ்டோர்ஸ் விஷயத்தைத் தவிர எதையும் கேட்பதில்லை. வாய்க்கால் என்று அவருக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். குழந்தையைக் கவனிக்காமல் விட்டதற்குக் கவிதாக்கா என்னை ஒரே ஒரு தடவை கோபித்துக்கொண்டாள். அதுவும் லேசாக. நான் செய்த தப்பு அவர் செய்ததாகச் சொல்லப்பட்ட பெரிய தப்புக்குள் காணாமல் போய்விட்டது. அது எனக்குச் சௌகரியமாக இருந்தது. எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் அப்படித்தான் இருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, ஸ்டோர்ஸில் அவர் தனியாக இருக்கும்போது போய்ச் சொன்னேன். அன்றைக்கு வாய்க்கால் பக்கம் என்று சொன்னது நான்தானே அண்ணா, நீங்கள் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

அவர் பேரிங் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நிறுத்தாமலே பேசினார். "நீ என்ன சொன்ன அம்மணி? நீ மாட்டைப் போட்டோ புடிச்சிக்கிட்டு இருந்த. நாந்தான் பாத்தேன். மஞ்சக் கவுனு, ரெண்டு சடை, கையில ஒரு முறுக்கு."

மித்ராவுக்கு எந்தக் காலத்திலும் இரண்டு சடை இருந்ததில்லை. அதைச் சொன்னேன். அவர் டார்ச்சை எடுத்து ரேக்குக்குள் அடித்து எதையோ தேடினார்.

எனக்குப் பயமாகிவிட்டது. என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறாரா, அல்லது நான் சொன்னதைக் கேட்ட விநாடியே அதைத் தானே பார்த்ததாக நம்பிவிட்டாரா? நீந்தத் தெரியாதவர் தண்ணீரில் இறங்கியதை நினைத்தால் இரண்டாவதுதான் சரி என்று தோன்றியது. அவர் முகத்தை நினைத்தால் முதலாவது.

இதற்குமேல் தாங்காது என்று திங்கட்கிழமை கவிதாக்காவிடம் சொல்லிவிட்டேன். கேண்டீனில், டிபன் பாக்ஸைத் திறப்பதற்கு முன்னால். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். அந்தச் சுற்றுலாவுக்கு மறுநாளே அவர் தன் மனைவியோடு அவள் வீட்டுக்கு வந்திருக்கிறார். பாப்பாவை நான் பார்க்கவே இல்லை அம்மணி, நீ துடித்ததைப் பார்த்து எதையாவது சொல்ல வேண்டுமே என்று சொல்லிவிட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்.

என்னிடம் பார்த்தேன் என்கிறாரே என்றேன். நான்தான் அவரிடம் சொன்னேன் என்று மறுபடியும் சொன்னேன்.

"அப்பறம் அன்னைக்கே ஏன் சொல்லல?"

கவிதாக்கா டிபன் பாக்ஸை அப்படியே வைத்துவிட்டு ஸ்டோர்ஸுக்குப் போனாள். பின்னாலேயே நான் என் சீட்டுக்கு வந்தேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர்கள் இரண்டு பேரும் பேசுவது தெரிந்தது, கேட்கவில்லை. அவர் எழுந்து நின்று கையை ஆட்டி ஆட்டி எதையோ விளக்கினார். திரும்பி வந்தவள் முகத்தில் கோபம் இல்லை.

"நீ நல்ல புள்ளையாம். அவரு மேல பரிதாபப்பட்டுப் பழிய நீ ஏத்துக்கப் பாக்கறியாம். மனசுல வச்சுக்காதன்னு எங்கிட்டச் சொல்லி உடறாரு."

அவள் அதை நம்பினாள். அவரை ஒரு வார்த்தைக்குக்கூட நம்பாதவள் இதை மட்டும் நம்பினாள். நான் எத்தனை சொல்லியும் எடுபடவில்லை. அதன்பிறகு என்னிடம் அவள் முன்பைவிடப் பிரியமாக இருந்தாள். அது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த வருடம் அவர் ஓய்வு பெற்றுக் காங்கேயத்தில் மகள் வீட்டோடு போய்விட்டார். வழியனுப்பு விழாவில் சந்தனமாலை போட்டார்கள். கவிதாக்கா அன்றைக்கு லீவு.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கவிதாக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மித்ரா இப்போது நாலாம் வகுப்பு முடிக்கப்போகிறாள். அதே காதளவு முடி. பள்ளிக்கூடத்தில் எங்கோ டூர் போகிறார்களாம். அந்தப் பேச்சில் பழைய மியூசியம் வந்தது. அங்கே நீ எங்களையெல்லாம் என்ன பாடு படுத்தினாய் தெரியுமா என்று நான் சும்மா சொன்னேன்.

மித்ரா பென்சில் சீவிக்கொண்டே சொன்னாள். அவளுக்குத் தண்ணீர் பார்க்க ஆசையாக இருந்ததாம். பின்னால் இருந்த கேட் வழியாக வாய்க்காலுக்குப் போய்க் கரையில் உட்கார்ந்து காலை நனைத்தாளாம். அந்த வழியாக வந்த ஒரு அக்கா, இங்கேயெல்லாம் வரக்கூடாது என்று தூக்கிக்கொண்டு போய்ப் பாவாடை கட்டிவிட்டாளாம்.

கவிதாக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. நாம் பேசிப் பேசிக் கேட்டதை இவளே நடந்ததாக நினைத்துக்கொண்டாள் என்று சொன்னாள். சொல்லிவிட்டு மகளின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, அண்ணன் நம்பர் உன்னிடம் இருக்கிறதா என்று கேட்டாள்.

நான் போட்டேன். எடுத்ததும் குரலைக் கண்டுபிடித்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். குழந்தை வாய்க்காலுக்குத்தான் போயிருக்கிறது அண்ணா, உங்களை எல்லோரும் அநியாயமாகப் பேசிவிட்டோம் என்றேன்.

"அதான் அன்னைக்கே சொன்னேனே அம்மணி. நான் கண்ணால பாத்தேன்."

"நான் சொன்னதுனாலதானே அண்ணா சொன்னீங்க?"

"நீ எங்க சொன்ன? நீ மாட்டைப் பாத்துக்கிட்டு இருந்த. மஞ்சக் கவுனு, ரெண்டு சடை."

மித்ரா என் எதிரில் உட்கார்ந்து, பென்சில் கூர்மையாக இருக்கிறதா என்று விரலில் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். கவிதாக்கா கையை நீட்டினாள். போனைக் கொடுத்தேன். அவள் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் அவள் பேசினாள். பிறகு வெகு நேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். உள்ளே வந்தபோது அவள் முகத்துக்கு ரத்தம் திரும்பியிருந்தது. போனை என் பக்கத்தில் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அவரு பாக்கவே இல்லையாம். பாப்பா அங்க போயிருக்கவே முடியாதாம். அந்த கேட்டு உள்பக்கமா தாழ் போட்டிருந்துச்சாம், நாம ஓடறப்ப அவருதான் எட்டித் தொறந்தாராம். அந்தத் தாழு கொழந்தைக்கு எட்டாதாம்."

நான் அந்த கேட்டை நினைத்துப் பார்த்தேன். எல்லோரும் ஓடினோம், கேட்டைத் தாண்டினோம். திறந்து கிடந்ததா, யாராவது தாழை எடுத்தார்களா? எனக்கு ஒன்றுமே நினைவில்லை. கவிதாக்கா, பாத்தியா, நான் சொன்னேனல்ல, எல்லாம் இவள் கற்பனை என்று மகளின் தலையைத் தடவிவிட்டு அடுப்படிக்குப் போனாள். உள்ளே குக்கர் வைக்கும் சத்தம் கேட்டது.

போன் இன்னும் துண்டிக்கப்படாமல் இருந்தது. எடுத்துக் காதில் வைத்தேன். என்ன கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

"இருக்கியா அம்மணி?" என்றார் அவர். "மணி ஒண்ணாச்சு. போயிச் சாப்புடு."